பெயரைப் படித்தாலே வேலை புரியணும்

தம்பி தங்கைகளே, ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் கடற்கரையைத் தேடினால் கிடைக்காது. ஒரு காலத்தில் அதுதான் கடலோரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ அமைத்தார்கள். கடல் தள்ளிப்போனது, பெயர் தங்கிவிட்டது. ஊர்க்காரருக்குப் பழக்கம், புதியவர்தான் குழம்புவார்.

2012இல் வந்த அன்சிபிள், பல சர்வர்களை ஒரே மாதிரி அமைக்க உதவும் மென்பொருள். அதற்கு எழுதும் ஃபைல்களிலும் இதே கதைதான். இன்று 'புது_சர்வர்' என்று பெயர் வைத்தால், ஐந்து வருஷம் கழித்து எதுங்க புதுசு?

மூன்று விதிகளை மனத்தில் வையுங்கள்.

1. காலத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள்: 'பேக்கப்_சர்வர்'.

2. வெறும் 'போர்ட்' வேண்டாம். இரண்டு ரோல்களில் அதே பெயர் இருந்தால், ஒன்றின் மதிப்பு மற்றதில் போய் விழலாம். ரோலின் பெயரை முன்னால் சேருங்கள்: 'மைஎஸ்கியூஎல்_போர்ட்'. நடுவில் அடிக்கோடுதான்; ஹைஃபன் போட்டால் செல்லாது.

3. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பெயர் கொடுங்கள். ஓடும்போது அதுதான் திரையில் வரும். 'ஸ்டெப் 3' என்றால் என்ன புரியும்? 'மைஎஸ்கியூஎல்லை மறுபடி தொடங்கு' என்று எழுதுங்கள்.

நடுராத்திரியில் சர்வர் நின்றுபோனால், ஃபைலைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அந்தப் பெயர்தான் துணை.

பயிற்சி: உங்கள் ஃபைலில் காலாவதியான ஒரு பெயரைத் தேடி, அது வரும் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். ஓர் இடம் விடுபட்டாலும் ஓட்டம் நின்றுவிடலாம்!