பிரசாதம் வேண்டாம் என்ற அண்டை வீட்டார்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் தனுவச்சபுரம். கேரளத்தின் தென்கோடிப் பகுதி அது. எல்லையைக் கடந்தால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். மலையாளமும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும் இந்த எல்லைக் கிராமங்களில் கோயிலும் தேவாலயமும் அருகருகே உள்ளன. ஒரே சமூகத்தில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், ஒரு கிளை இந்துவாகவும் மற்றொரு கிளை கிறிஸ்தவராகவும் வாழ்கின்றது.

இங்கே எந்தத் திருவிழாவின்போதும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. கோயிலில் நிவேதனம் செய்த பாயசத்தை ஒரு தாய் அண்டை வீட்டுக்கு அன்போடு எடுத்துச் செல்கிறாள். அவர்களோ பணிவாக, ஆனால் உறுதியாக, ‘சாமிக்குப் படைத்தது என்றால் வேண்டாம்’ என்கின்றனர். அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தை இவள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டவள். ஆகவே அவள் மனம் புண்படுகிறது. ‘நாங்கள் அவர்களது தெய்வத்தை மதிக்கிறோம், அவர்கள் ஏன் எங்கள் தெய்வத்தை மதிப்பதில்லை? தங்கள் வழி ஒன்றே வழி என்று ஏன் சொல்கின்றனர்? ஏன் எல்லோரையும் தங்கள் பக்கம் அழைக்கின்றனர்?’ என்று வருந்துகிறாள்.

இது நாடெங்கும் பல அன்பர்களின் உள்ளத்தில் இருக்கும் வருத்தமே. கவனிக்காமல் விட்டால் வருத்தம் கசப்பாகும், கசப்பு பகையாகும். 1982-இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் மூண்ட இந்து-கிறிஸ்தவ மோதலும், அதையொட்டிய துப்பாக்கிச் சூடும், உயிரிழப்புகளும் இப்பகுதி மக்களின் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. ஆகவே அந்தத் தாயின் கேள்வியை ஒரு சாதகன் எவ்வாறு அணுக வேண்டும் என்பதைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

பூர்வபக்ஷம் என்னும் ஒழுக்கம்

நமது தத்துவ மரபில் சிறந்ததொரு நெறி உண்டு. மாற்றுக் கருத்தை மறுக்கும் முன், அதை அதற்குரியவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க வேண்டும். இதுவே பூர்வபக்ஷம். பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் ஸ்ரீ சங்கரர் இந்த முறையைப் பின்பற்றுவதைக் காணலாம். பூர்வபக்ஷத்தை அறியாதவனின் சித்தாந்தம் உறுதி பெறுவதில்லை.

திருவிதாங்கூரிலேயே இதற்குச் சான்று உண்டு. சட்டம்பி சுவாமிகள் 1890-இல் ‘கிறிஸ்துமத சேதனம்’ என்ற நூலை வெளியிட்டார். கிறிஸ்தவக் கோட்பாட்டை அது கடுமையாக மறுக்கிறது. ஆயினும் அவர் எடுத்த எடுப்பில் மறுப்பில் இறங்கவில்லை. கிறிஸ்து மதத்தின் சாரத்தை முதலில் முறையாக எழுதிவிட்டுப் பின்னரே தமது வாதத்தைத் தொடங்கினார். கண்டனம் செய்பவருக்கே இந்த நேர்மை வேண்டுமென்றால், அடுத்த வீட்டில் வாழ்ந்து சுக துக்கங்களைப் பகிர்ந்துகொள்பவருக்கு அது எவ்வளவு வேண்டும்!

அந்தக் கிறிஸ்தவ அண்டை வீட்டாரின் நிலையில் நின்று பார்த்தால் மூன்று காரணங்கள் புலப்படுகின்றன.

முதற் காரணம்: நிஷ்டை

ஏக இறைவனையன்றி வேறு எதையும் வணங்கலாகாது என்பது மோசேயின் வழியாக வந்த பத்துக் கட்டளைகளுள் முதன்மையானது. இதைக் கிறிஸ்தவர்கள் யூத மரபிலிருந்து பெற்றனர். முதல் மூன்று நூற்றாண்டுகளில், ரோமப் பேரரசனின் உருவத்துக்கு முன் தூபம் இட மறுத்ததற்காகவே பலர் உயிர் துறந்தனர். ஒரு சிட்டிகை சாம்பிராணி இட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள், அவர்கள் இடவில்லை. அந்த மறுப்பு கிறிஸ்தவ நினைவில் பக்தியின் சிகரமாகப் பதிந்துவிட்டது.

எல்லைப்பகுதி மக்களுக்கு இது தொலைதூரக் கதையும் அன்று. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

படைக்கப்பட்ட உணவைப் பற்றிய கேள்வியும் பழமையானதே. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் இருந்த சபைக்குப் புனித பவுல் எழுதிய முதல் கடிதத்தில் இதை விரிவாக ஆராய்கிறார். உணவு தன்னளவில் யாரையும் இறைவனிடமிருந்து பிரிப்பதில்லை. ஆனால் நம்பிக்கையில் உறுதிபெறாத சகோதரனின் மனச்சாட்சி தடுமாறக்கூடும், வழிபாட்டில் பங்குகொள்வதாகவும் அது ஆகிவிடக்கூடும் என்பது அவரது கவலை. ஆகவே இன்றும் கிறிஸ்தவர்களில் சிலர் பிரசாதத்தை அன்பின் அடையாளமாக ஏற்கின்றனர், சிலர் மறுக்கின்றனர். மறுப்பவர் பாயசத்தையோ, கொண்டுவந்த தாயையோ இகழவில்லை. தமது இறைவனுக்குத் தாம் செய்த உறுதிமொழியைக் காக்கிறார்.

இந்த மனநிலை நமக்கு அந்நியமானதா? இஷ்ட நிஷ்டை என்று நாம் போற்றுவது இதற்கு மிக அருகில் உள்ளது. ஆஞ்சநேயர் நாராயணனும் ராமனும் ஒன்றே என்று அறிந்தவர். எனினும் தாமரைக்கண்ணனாகிய ராமனே தமக்கு அனைத்தும் என்றிருந்தார். புகுந்த வீட்டில் மருமகள் மாமனார், மாமியார், மைத்துனர் எல்லோருக்கும் பணிவிடை செய்கிறாள். கணவனிடம் கொண்ட அன்பு மட்டும் தனி. நிஷ்டையை விளக்க ஸ்ரீராமகிருஷ்ணர் காட்டிய உவமை இது. கிறிஸ்தவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லில் இந்த நிஷ்டையின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் காண வேண்டும்.

இரண்டாம் காரணம்: ஒரே பிறவி

மறுபிறவிக் கொள்கை நமது சிந்தனையில் காற்றைப்போல் கலந்திருக்கிறது. பல பிறவிகளின் முடிவில் ஞானம் கனிகிறது என்று கீதை போதிக்கிறது. இப்பிறவியில் தவறியவன் அடுத்த பிறவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வான் என்ற உறுதியும் அதில் உண்டு. ஆகவே பிறரது ஆன்மிக நிலை பற்றி நமக்கு அவசரமில்லை. அவரவர் பக்குவத்துக்கு ஏற்ப அவரவர் வழி என்று பொறுமையாக இருக்க முடிகிறது.

கிறிஸ்தவக் கோட்பாட்டில் பிறவி ஒன்றே. இறப்புக்குப் பின் தீர்ப்பு. நித்திய வாழ்வா, நித்திய இழப்பா என்பது இந்த ஒரு வாழ்வில் முடிவாகிவிடும். இதை உண்மையாகவே நம்பும் ஒருவர், தாம் நேசிக்கும் அண்டை வீட்டாரைக் குறித்து எவ்வாறு அமைதியாக இருப்பார்? தீப்பற்றிய வீட்டில் ஒருவர் உறங்குவதைக் கண்டவன், அவரது உறக்கம் கெடுமே என்று கதவைத் தட்டாமல் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, எல்லா இனத்தாரிடமும் சென்று சீடராக்குமாறு ஏசுநாதர் இட்ட கட்டளையோடு மத்தேயு நற்செய்தி நிறைவடைகிறது. ஆகவே அவரது அழைப்பு பலமுறை அன்பிலிருந்தே எழுகிறது. தீ இருப்பதாக நாம் கருதவில்லை என்பது வேறு செய்தி. தட்டுபவரின் உள்ளத்தில் அக்கறை இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் காரணம்: மூதாதையரின் நினைவு

இது நம்மைத் தலைகுனியச் செய்யும் காரணம். ஆகவே இதையே மிகுதியாகச் சிந்திக்க வேண்டும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தவுபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அவரை மயிலாடிக்கு அழைத்தவர் அவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கம். 1818 முதல் மீட் முதலியோர் நாகர்கோவிலிலும் பின்னர் நெய்யூரிலும் பணியை விரித்தனர். பாறசாலையும் அந்த மிஷனின் முக்கியமான நிலையங்களுள் ஒன்றாயிற்று. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் காக்கப்பட்டது; 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியத் தடை இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்கும் கலவரங்களுக்கும் பின், 1859-இல் நாடார் பெண்களுக்கு அந்த உரிமையை அரசு வழங்கியது. எல்லா இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று.

அந்தத் தாய் இன்று வேலிக்கு மேலே நீட்டும் பிரசாதத்தை, ஒரு நூற்றாண்டுக்கு முன் அண்டை வீட்டாரின் முன்னோர் கோயில் வாயிலில் நின்று கையேந்திப் பெற முடியாது. பல இடங்களில் அந்தத் தாயின் முன்னோரும் பெற முடியாது. அவர்கள் கோயிலைக் கைவிடுவதற்கு நெடுங்காலம் முன்பே கோயில் அவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. அந்நாளில் ஒரு பள்ளிக்கூடமும், ஒரு மருத்துவமனையும், ‘நீயும் இறைவனின் பிள்ளை’ என்ற சொல்லும் அவர்களைத் தேடி வந்தன. அவை ஏசுவின் பெயரால் வந்தன. ஆகவே அவர்களுக்கு அந்தப் பெயர் சமயக் கோட்பாடு மட்டுமன்று. நிமிர்ந்து நடந்த முதல் நாளின் நினைவு.

சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வழியாகக் குமரிமுனை சென்றபோது இந்நாட்டின் சாதிக் கொடுமையை அறிந்தார். 1897-இல் சென்னையில் பேசுகையில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். உயர்ந்தோர் நடக்கும் தெருவில் செல்ல முடியாத ஒருவன், கிறிஸ்தவப் பெயர் சூடியதும் தடையின்றிச் செல்ல முடிகிறதே என்ற முரணைச் சுட்டிக்காட்டினார். மதம் மாறியவர் மீது அவர் சினம் கொள்ளவில்லை. மாறச் செய்த சமுதாயத்தையே கண்டித்தார்.

அதே மண்ணில் இந்து சமயமும் விடை தேடியது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அம்மக்களுக்குத் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று வழிபடக் கற்பித்தார். 1888 சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு அருவிப்புறத்தில் நெய்யாற்றின் கரையில் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். அருவிப்புறம் தனுவச்சபுரத்தைப் போலவே நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. சாதி பேதமும் மத துவேஷமும் இன்றி எல்லோரும் சகோதரராக வாழும் இடமாக அதை அவர் அறிவித்தார்.

நமது சித்தாந்தம்

பூர்வபக்ஷத்தைக் கேட்டபின் நமது கருத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். புரிந்துகொள்வது என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது ஆகாது.

நிஷ்டை போற்றத்தக்கது. தன் இஷ்டத்தைப் பற்றிக்கொள்வதிலிருந்து பிறரது இஷ்டத்தைப் பேய் என்று தூற்றுவதற்குச் செல்வது நிஷ்டையின் பிறழ்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரி நூல்கள் சிலவற்றில் நமது தெய்வங்கள் அவ்வாறு இகழப்பட்டன. இன்றும் சில துண்டுப் பிரசுரங்களில் அக்குரல் ஒலிக்கிறது. அதை ஏற்க வேண்டியதில்லை. அக்கறையும் போற்றத்தக்கதே, ஆயினும் வறுமையையோ நோயையோ வாய்ப்பாக்கிக் கொள்ளும் அழைப்பு அன்பாகாது. நமது அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கிறது. அது மற்றொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தெளிவுபடுத்தியது.

சுவாமிஜியிடம் இவ்விரு நிலைகளும் இணைந்திருந்தன. 1893 செப்டம்பர் 20 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில், பசித்த இந்தியாவுக்குத் தேவை உணவேயன்றி மேலும் தேவாலயங்கள் அல்ல என்று நேருக்கு நேர் கூறினார். ஒரு வாரம் கழித்து நிறைவு நாளில், கிறிஸ்தவர் இந்துவாகவோ இந்து கிறிஸ்தவராகவோ மாற வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் பிறரது சாரத்தை ஏற்றுத் தம் இயல்பில் வளர வேண்டும் என்றார். பரிவ்ராஜகராகத் திரிந்த நாட்களில் அவர் கையில் கீதையோடு ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ என்ற நூலும் இருந்தது.

இந்த இணைப்புக்கு வேர் தட்சிணேசுவரத்தில் உள்ளது. யது மல்லிக்கின் தோட்ட வீட்டில் அன்னை மரியாள் குழந்தை ஏசுவோடு இருக்கும் ஓவியத்தைக் கண்டு ஸ்ரீராமகிருஷ்ணர் பரவசமடைந்தார். மூன்று நாட்கள் காளி கோயிலுக்கும் செல்லாமல் கிறிஸ்து நினைவிலேயே ஆழ்ந்திருந்தார். இன்றும் ராமகிருஷ்ண மடங்களில் கிறிஸ்துமஸ் முந்நாள் மாலையில் ஏசுநாதருக்கு ஆராத்தி நடைபெறுகிறது.

கிறிஸ்தவர்களிலும் ஒரே குரல் இல்லை. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் கத்தோலிக்கத் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. 1950-இல் இரு பிரெஞ்சுத் துறவியர் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவி, காவியுடுத்தி உபநிடதங்களைப் பயின்றனர். ஆகவே ‘கிறிஸ்தவர்கள் இப்படித்தான்’ என்று ஒரே வரியில் தீர்ப்பளிப்பது நமக்குப் பிடிக்காத அதே பிடிவாதத்தை நாமே மேற்கொள்வதாகும்.

அன்றாடச் சாதனை

எரிச்சல் எழும் கணத்தில் சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. இவர் மறுப்பது நிஷ்டையாலா, இகழ்ச்சியாலா? புண்பட்டது எனது பக்தியா, எனது அகங்காரமா? பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இக்கேள்விகளே மனத்தைத் தெளிவித்துவிடும்.

1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் ஸ்ரீ நாராயண குரு சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்பது அவர் விதித்த நெறி. அண்டை வீட்டுத் திண்ணையிலும் அந்நெறி பொருந்தும். கிறிஸ்தவ அன்பர் தமது நம்பிக்கையைப் பேசினால் முழுமையாகக் கேட்கலாம். நமது முறை வரும்போது நமது அனுபவத்தைப் பணிவோடு சொல்லலாம். எல்லை மீறினால் ‘இது எங்களை வருத்துகிறது’ என்று நேராக, சினமின்றிச் சொல்லலாம். மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பின் குன்றக்குடி அடிகளார் அங்கு சென்று இரு தரப்பாரிடமும் நேரில் பேசி அமைதிக்குப் பாடுபட்டார். பேச்சு நின்றுபோன இடத்தில்தான் பகை வளர்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தத் தாய் அடுத்த திருவிழாவுக்கு என்ன செய்யலாம்? நிவேதனம் செய்யும் முன்பே ஒரு பாத்திரத்தில் பாயசத்தைத் தனியே எடுத்து வைத்து, அதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். ‘இது படைக்காதது, உங்களுக்கென்றே எடுத்து வைத்தேன்’ என்று சொல்லலாம். இதனால் அவளது பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பாயசத்தில் இறைவனைக் கண்டவள், அதைப் பருகும் அண்டை வீட்டாரிடமும் அவனையே காண்கிறாள். நிவேதனம் அங்கேயும் நிறைவேறுகிறது.