எல்லையை நகர்த்தும் முன்

அன்புள்ள தம்பி,

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உதவி ஆணையாளராகச் சேர்ந்திருக்கிறீர். மிக்க மகிழ்ச்சி. வரிவிலக்கு எல்லையை உயர்த்தினால் அரசுக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்க்கும் வேலை ஒருநாள் உம்முடைய மேசைக்கும் வரும். அப்போது தொகையை மட்டும் பாராதேயும். எத்தனை பேர் வரிக் கோவையை விட்டுப் போகிறார்கள் என்று முதலில் எண்ணும். சம்பளக்காரர்கள் கீழ்ப்படிகளில் நெருக்கமாகவும் மேலே போகப்போக ஐதாகவும் நிற்கிறார்கள். எல்லை கொஞ்சம் ஏறினாலே பெருங்கூட்டம் வெளியேறிவிடும்.

இலங்கையில் 2019 வரை தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா. ஊழியருக்கு மேலதிகமாக 7 இலட்சம். மாதச் சம்பளம் 1 இலட்சத்தைத் தாண்டினால் வரி. 2020 ஜனவரியில் அந்த எல்லை ஒரே தாவலில் மாதம் இரண்டரை இலட்சமானது. மாதம் 5 இலட்சம் உழைத்தவருக்கும் முதல் இரண்டரை இலட்சம் வரியற்றதாயிற்று என்பதைக் கவனியும். சலுகை எளியவரோடு நிற்கவில்லை. பெறுமதி சேர் வரியும் 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது. அதற்குப் பதிய வேண்டிய ஆண்டுப் புரள்வு 1.2 கோடியிலிருந்து 30 கோடியாக ஏறியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேலிருந்த வரி வருமானம் 2020 இல் 8 சதவீதமளவுக்கு விழுந்தது. பெருந்தொற்றுக்கும் அதில் பங்குண்டு.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. சம்பளத்திலிருந்து தொழில்தருநரே கழித்துச் செலுத்தும் கட்டாய ஏற்பாட்டையும் அப்போதே கைவிட்டார்கள். யார் எங்கே எவ்வளவு உழைக்கிறார் என்று வந்துகொண்டிருந்த தகவல் அத்தோடு நின்றது. இழந்த வரியை வேறு வழியில் ஈடுசெய்யலாம். அறுந்த பதிவை மீட்க வருடங்கள் வேண்டும்.

2023 ஜனவரியில் எல்லை மீண்டும் மாதம் 1 இலட்சமானது. அதற்கு மேல் 6 முதல் 36 சதவீதம் வரை வரி. எண் பழையதுதான், பணம் பழையதல்ல. 200 ரூபாவுக்குள் இருந்த டொலர் 360 ஐத் தொட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2019 இல் 1 இலட்சம் வாங்கியவர் வசதியானவர். 2023 இல் அதே சம்பளத்தோடு வீட்டு வாடகைக்கும் பால்மாவுக்கும் திண்டாடினார். வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வங்கி ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களை வரி ஏய்ப்பவர்கள் போலப் பேசியோர் உண்டு. அது அநியாயம். சம்பளத் தாள் உள்ளவர் ஒளிய முடியாது. ஒளிபவர்களைத் தேட வேண்டியது உம்முடைய திணைக்களம்.

2025 ஏப்ரலில் எல்லை மாதம் ஒன்றரை இலட்சமானது. விலைவாசியோடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் இந்த மேலும் கீழுமான தாவல்களே தேவைப்பட்டிரா.

இந்தியாவின் ஏற்பாட்டையும் படித்துப் பாரும். 2025 வரவுசெலவுத் திட்டத்தின்படி புதிய வரிமுறையில் அடிப்படை விலக்கு 4 இலட்சம் இந்திய ரூபா. அதற்கு மேல் 12 இலட்சம் வரையுள்ள சாதாரண வருமானத்துக்கு வரியைக் கணக்கிட்டுப் பின் தள்ளுபடி செய்கிறார்கள். 4 இலட்சத்தைத் தாண்டியவர் ஒரு சதமும் கட்டாவிட்டாலும் விபரத்திரட்டுக் கொடுக்கவேண்டும். ஆகவே அவர் கோவையிலேயே இருக்கிறார். நாளை வருமானம் கூடினால் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

நம்மிடம் வரி இலக்கம் பெற்றவர்கள் 2024 இலிருந்து பெருகியிருக்கிறார்கள். இலக்கம் உள்ளவர், விபரத்திரட்டுத் தருபவர், உண்மையில் வரி செலுத்துபவர் என்று மூன்று நிரல்களாகப் பிரித்து எழுதும். அடுத்த எல்லை மாற்றம் பேசப்படும்போது, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை பேர் கூடுவர், எத்தனை பேர் குறைவர் என்று அறிக்கையின் முதற்பக்கத்திலேயே வையும். மேலதிகாரி கேட்காவிட்டாலும் வையும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணன்