முறிந்த கம்பி கற்பித்த பாடம்

ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் தங்கையை நாம் எப்படித் தள்ளுகிறோம்? பின்னே வந்து திரும்பும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளினால் போதும். ஊஞ்சல் உயர உயரப் போகும். நேரம் தவறினால் நம் பலமெல்லாம் வீண். ஊஞ்சலின் அதிர்வெண்ணும் தள்ளுதலின் அதிர்வெண்ணும் ஒன்றுபடுவதையே ஒத்ததிர்வு என்கிறோம்.

அணுக்கருக்களில் பல சிறு காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தப்புலத்தில் வைத்தால், அவற்றுக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று அமைகிறது. அதே அதிர்வெண்ணில் மாறும் சிறு காந்தப்புலத்தைச் செலுத்தினால் அவற்றின் திசை புரளும். இதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. 1946-இல் பர்செல் குழுவினர் பாரபின் மெழுகிலும், பிளாக் குழுவினர் தண்ணீரிலும் இதைக் கண்டதாக அறிவித்தனர். அவ்விருவரும் 1952-இல் நோபல் பரிசு பெற்றனர். மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதுவே அடிப்படை.

ஆனால் காந்தப்புலம் கம்பியைச் சுற்றி அகலப் பரவும். ஓர் அணுவை மட்டும் புரட்ட அதைப் பயன்படுத்துவது, ஒரு மாணவியை அழைக்கப் பள்ளி மணியையே அடிப்பது போன்றது. மின்புலத்தையோ நுண்ணிய மின்வாயின் நுனியருகே அடக்கலாம். அது தோளைத் தொட்டு அழைப்பது போன்றது. மின்புலத்தாலும் அணுக்கருவை ஆளலாம் என்ற கருத்தை 1961-இல் புளும்பர்கன் வெளியிட்டார்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மொரெல்லோ குழுவினர், சிலிக்கன் படிகத்தில் பதித்த ஒரே ஓர் ஆண்டிமனி அணுவைக் காந்தப்புலத்தால் ஆள முயன்றனர். மிகுந்த திறனைச் செலுத்தியதில் நுண்ணிய கம்பி முறிந்தது. ஆயினும் அணுக்கரு சில அதிர்வெண்களில் மட்டும் விந்தையாகப் புரண்டது! காரணத்தை ஆராய்ந்தனர். முறிந்த கம்பியில் மின்னோட்டம் இல்லை. முறிந்த இடத்தில் மின்புலமே மிகுந்திருந்தது. அது ஆண்டிமனியைச் சூழ்ந்த பிணைப்புகளைச் சற்றே அசைத்தது. ஆண்டிமனியின் அணுக்கரு முழு உருண்டையன்று. ஆகவே அந்த அசைவு அதைப் புரட்டியது. உருண்டையான ஹைட்ரஜன் அணுக்கருவில் இது நிகழாது. இம்முடிவு 2020-இல் வெளியாயிற்று.

நம் ஆய்வுக்கூடத்தில் அளவீடு ஒத்துவராதபோது நாம் என்ன செய்கிறோம்? அழித்துவிட்டுப் புத்தக விடையை எழுதிவிடுகிறோம் அல்லவா? அவர்களும் அப்படிச் செய்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே இருந்திருக்கும். கண்டதைக் கண்டபடி எழுதுவோம். பிறகு காரணம் தேடுவோம். இறைவன் படைப்பில் மறைத்து வைத்தவை, உண்மையாய்த் தேடுவோருக்கே புலப்படும்.