உயிர் காக்கும் ஒரு தாள்

தற்கொலை எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க உதவுவதுதான் ‘பாதுகாப்புத் திட்டம்’. அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் வகுத்த முறை இது. மனம் சற்றுத் தெளிந்திருக்கும்போது, பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து, அவர் சொற்களிலேயே ஒரே தாளில் எழுதுங்கள்.

• எச்சரிக்கை அறிகுறி: ‘ராத்திரி தூக்கம் வராது, போனை எடுக்கப் பிடிக்காது.’

• தானே செய்யக்கூடியது: குளிப்பது, பாட்டுக் கேட்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

• கவனத்தைத் திருப்பச் செல்லக்கூடிய இடம்: கோயில், டீக்கடை, பக்கத்து வீடு.

• மனம்விட்டுப் பேச இரண்டு பேர்: பெயர், போன் நம்பர்.

• நிபுணர் உதவி: மருத்துவரின் எண், மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

• வீட்டில்: மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வேறொருவர் பொறுப்பில், கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. புத்திமதி வேண்டாம், காது கொடுங்கள். ஆபத்து உடனடி என்றால் தனியே விடாமல் 108-ஐ அழையுங்கள். நெருக்கடி தணிந்த பிறகும் சில வாரங்கள் போன் செய்து, ‘சாப்பிட்டியா, தூங்கினியா?’ என்று விசாரியுங்கள்.