குற்றாலத்து லாட்ஜ் கணக்கு டெக்சாஸ் மோட்டலுக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் குற்றாலம், ஐந்தருவி பக்கம் உள்ள லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங், பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். சாரல் சீசனிலும் ஐயப்ப சீசனிலும் மூச்சு விட நேரமிருக்காது. மாசி, பங்குனியில் போன்கூட அடிக்காது. பக்கத்து மத்தளம்பாறையில் இருந்துகொண்டே ஜோஹோ கம்பெனி அமெரிக்காவுக்கு சாஃப்ட்வேர் விற்கிறதே, அங்கே டெக்சாஸ் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மோட்டல்களுக்கு நாங்களும் விற்க முடியாதா? முதலில் அமெரிக்காவில் ஆபீஸ் போட வேண்டும், எங்களில் ஒருவர் விசா எடுத்துப் போய் உட்கார வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– இலஞ்சி வாசகர்

பதில்: மோட்டல் என்று குறிப்பாகக் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். “அமெரிக்காவில் பிசினஸ் பண்ண வழி சொல்லுங்கள்” என்று பொத்தாம் பொதுவாக எழுதுகிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

முதலில் மத்தளம்பாறைக் கதை. தென்காசிப் பக்கம் முளைத்த கம்பெனி ஒன்று அமெரிக்கா போய் ஜெயித்ததாக நம்மில் பலர் நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு. ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கி, குவால்காமில் வேலை பார்த்தவர். 1996-ல் அவரும் சகோதரர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதுதான் இந்த நிறுவனம். சாஃப்ட்வேர் எழுதியது சென்னையில். வாங்கியவர்கள், தொலைத்தொடர்பு நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள். 2000-ஐ ஒட்டி டாட்காம் சரிவு வந்து அந்த வாடிக்கையாளர்கள் கரைந்தபோதுதான் வேறு பொருள்களுக்கு மாறினார்கள். 2002-ல் நிறுவனங்களின் ஐடி நிர்வாகத்துக்கான மேனேஜ்எஞ்சின், 2005-ல் இணையத்தில் ஜோஹோ, 2009-ல் கம்பெனிக்கே அந்தப் பெயர். தென்காசி அலுவலகம் வந்தது 2011-ல். வேம்பு மத்தளம்பாறைக்கே குடிவந்தது 2019-ல், தென்காசி தனி மாவட்டமான அதே வருடம்.

ஆக, மலையடிவாரத்தில் மேஜை நாற்காலி போட்டபோது அவர்கள் கையில் பதினைந்து வருட வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுபவம் இருந்தது. வாடிக்கையாளரின் புகார்களை ஒழுங்குபடுத்திக் கையாளும் ஜோஹோ டெஸ்க் தென்காசி அலுவலகத்தில் உருவானதுதான். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர் என்ன புகார் சொல்வார் என்பது அதற்கு முன்பே அவர்களுக்கு அத்துப்படி. நீங்களோ குற்றாலத்து லாட்ஜ் மேனேஜரின் மனசை அறிந்துகொண்டு டெக்சாஸுக்குப் போகப் பார்க்கிறீர்கள். போகலாம்; வழிதான் வேறு.

அடுத்தது ஆபீஸ். உங்கள் ரக சாஃப்ட்வேரை இப்போது சாஸ் முறையில் விற்கிறார்கள். அதாவது, சிடியில் போட்டு ஒரே விலைக்குக் கொடுக்காமல், இணையத்தில் ஓடவிட்டு மாத வாடகை வாங்குவது. சிறிய வாடிக்கையாளர் இதை எப்படி வாங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி கூட்டம் அடங்கியதும் மோட்டல் முதலாளி கூகுளில் தேடுவார். விலை வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் கார்டு எண்ணைத் தட்டுவார். இதில் எந்த இடத்திலும் உங்கள் ஆபீஸ் முகவரி குறுக்கே வரவில்லை. ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சாஸ் கம்பெனிக்கு முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்வி நிறுவனம். கலிஃபோர்னியாத் தலைமையகம், 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தை எல்லாம் பிறகு வந்தவை. நூறு கிளைகள் உள்ள ஹோட்டல் சங்கிலிக்கு விற்பது வேறு கதை. அங்கே நேரில் வந்து பேச ஆள் கேட்பார்கள், அமெரிக்கச் சட்டப்படி ஒப்பந்தம் கேட்பார்கள். அந்தக் கவலை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அப்படியானால் எது தடுக்கிறது? தடை உங்கள் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கிறது.

நம் ஊர் லாட்ஜில் பல இடங்களில் 24 மணி நேர செக்-அவுட். ராத்திரி பத்துக்கு வந்தவருக்கு மறுநாள் ராத்திரி பத்து வரை ஒரு நாள். மோட்டலில் எத்தனை மணிக்கு வந்தாலும் மறுநாள் காலை பதினொன்று வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். தினமும் நள்ளிரவுக்கு மேல் ‘நைட் ஆடிட்’ ஓடும். அன்றைய வரவு செலவை மூடி அடுத்த தேதியைத் திறக்கும் வேலை அது. உங்கள் நிரலின் அடிப்படையே ‘ஒரு நாள் என்பது எவ்வளவு’ என்பதுதான். அது தப்பினால் மேலே எது கட்டினாலும் கோணும்.

பிறகு வரி. நமக்கு ஜிஎஸ்டி ஒன்று போட்டால் தீர்ந்தது. அங்கே அறை வாடகை மீது மாநிலம் தனியாக, நகரம் தனியாக, சில இடங்களில் கவுன்டி தனியாக வரி போடும். கவுன்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம். டெக்சாஸ் மாநிலத்துக்கு 6 சதவீதம், நகரத்தின் பங்கு அதற்கு மேல். அதே டெக்சாஸில் ஒருவர் தொடர்ந்து 30 நாள் தங்கினால் இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வருபவர்கள் மாதக்கணக்கில் மோட்டலில் தங்கும் மாநிலம் அது. எனவே எப்போதோ வரும் விதிவிலக்கு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிராத ஒன்றும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தின் கீழ், சக்கர நாற்காலி செல்லும் அறையை, அதே வகையில் மற்ற அறைகள் எல்லாம் போன பிறகுதான் பிறருக்குக் கொடுக்கலாம். அந்த அறையில் என்னென்ன வசதி உண்டு என்பதையும் புக்கிங் செய்யும்போதே சொல்ல வேண்டும். 2012 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சாஃப்ட்வேர் காலி அறைகளை எண் வரிசையில் ஒதுக்குவதாக இருந்து, 101-ஆம் எண் அறையும் அப்படிப்பட்டதாக இருந்துவிட்டால், முதல் நாளே முதலாளியை வம்பில் மாட்டிவிடும். கார்டின் பின்புற மூன்று இலக்க எண்ணைப் பணம் எடுத்த பிறகு சேமித்து வைக்கக் கூடாது என்ற கார்டு நிறுவனங்களின் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்காகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் நம் பழக்கம் அங்கே செல்லாது.

நேரமும் ஒரு பாடு படுத்தும். டெக்சாஸில் மாலை நான்கு மணிக்கு விருந்தினர் வரிசையில் நிற்கும்போது சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால், இலஞ்சியில் கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. போனை எடுக்கப்போவது நீங்களா, மைத்துனரா? விலையைக் குறைத்தால் வாங்கிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் யாராவது போனை எடுத்தால்தான் அடுத்த மாதமும் வாடகை வரும்.

இதையெல்லாம் கற்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. அங்குள்ள மோட்டல் முதலாளிகளில் பெரும் பங்கினர் குஜராத்திகள், அதிலும் பட்டேல்கள். 1989-ல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், அந்நாட்டு ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுடையது என்கிறது. ஒரு பட்டேலின் சித்தப்பா மகன் அடுத்த ஊரில் மோட்டல் வைத்திருப்பார். அவர் மாமனார் அதற்கடுத்த ஊரில். ஒருவருக்குப் பிடித்தால் பேச்சு தானாகப் பரவும். பிடிக்காவிட்டால் அதுவும் பரவும். இரண்டு மூன்று மோட்டல்களுக்கு ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்து, தினசரி என்ன இடிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஆபீஸ் வாடகையைவிடக் குறைவு.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் இந்தியாவிலிருந்தே டாலரில் பில் போடலாம், இது ஏற்றுமதி. எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரம், கொடுத்துவிட்டால் ஜிஎஸ்டி கிடையாது. அமெரிக்காவிலோ 2018-ல் வேஃபேர் என்ற இணையக் கடையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் கடை இல்லாதவரிடமும் விற்பனை வரி கேட்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. எவ்வளவு விற்ற பிறகு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்கிறது. டெக்சாஸில் அந்த வரம்பு வருடத்துக்கு 5 லட்சம் டாலர். அதை எட்டும் வருடம் ஆடிட்டரோடு சந்தோஷமாகச் சண்டை போடுங்கள்.

கம்பெனி பதிவுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. டெலவேர் மாநிலத்தில் இலஞ்சியிலிருந்தபடியே கம்பெனி பதியலாம். அதை வைத்து அங்கே போய் உட்கார முடியாது. ஆனால் இந்தியாவில் வசிக்கும் நீங்கள் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வைத்துக்கொள்வது 2022-ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வரும். பணம் அனுப்புவதற்கு முன்பே வங்கியில் பேசிவிடுங்கள்; அனுப்பிவிட்டு விளக்கம் சொல்வது தலைவலி.

விசா விஷயத்தில், முதலீட்டாளருக்கான இ-2 பற்றி ஏஜென்ட் யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு மட்டும். இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. உங்களுக்குப் பொருந்தக்கூடியது எல்-1. இங்குள்ள கம்பெனியிலிருந்து அதோடு உரிமைத் தொடர்புள்ள அங்குள்ள கம்பெனிக்கு மேலாளரையோ, தொழில்நுணுக்கம் தெரிந்தவரையோ மாற்றும் விசா அது. போகிறவர் கடந்த மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து ஓராண்டாவது இங்கே வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும். மைத்துனரை அனுப்புவதாக வைத்துக்கொண்டால், அவர் இப்போது மாதச் சம்பளம் வாங்குகிறாரா, சீசன் முடிந்ததும் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால், இந்த மாதமே அவருக்கு வேலை உத்தரவு கொடுத்து, சம்பளத்தை வங்கி வழியாகப் போடத் தொடங்குங்கள்.