நடக்க முடியாத பூனைக்கு நம் வீட்டில் இடம் உண்டா?



நம் தெருக்களில் பூனை வந்து போகாத வீடு குறைவு. மீன் ஆயும்போது காலைச் சுற்றி வரும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள். அதே பூனை ஒரு நாள் பைக்கில் அடிபட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? "மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வாங்க, எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. செலவு, நேரம், வீட்டில் சிறுநீர் பட்டால் தொழுகை என்னாவது என்ற கவலை எல்லாம் சேர்ந்து அப்படிச் சொல்ல வைக்கின்றன. அந்தக் கவலைகளை இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விட்டுவிடுவது விடுதலையா?

ஒரு பூனையை அடைத்து வைத்துக் கொன்ற பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை. பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. ஆக, அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஊட்டுவது, அல்லது அவிழ்த்து விடுவது.

நல்ல காலுள்ள பூனைக்கு இரண்டாவது வழி பொருந்தும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பூனைக்கு அது பொருந்துமா? அதனால் இரை பிடிக்க முடியாது, நாய் வந்தால் மதில் ஏற முடியாது. அதற்கு மார்க்கெட்டின் திறந்த வெளியும் ஒரு கயிறுதான். நமக்கு மிஞ்சுவது முதல் வழி மட்டுமே. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. பசியாலோ தாகத்தாலோ வேதனைப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் நாள்

வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கனமான துண்டால் சுற்றி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

கால் விரலை அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இடுப்பெலும்பு மட்டும் உடைந்த சில பூனைகள், சில வாரங்கள் கூண்டில் ஓய்வாக வைத்தாலே மறுபடி நடக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் எக்ஸ்ரே, அறுவை வசதியும் உண்டு. அதனால் "இது தேறாது" என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பினாயில் தெளித்த தரையில் அதைக் கிடத்துவதும் ஆபத்து. காலில் ஒட்டியதை நக்கியே விஷமாகும்.

அன்றாடப் பராமரிப்பு

பின்னங்கால் செயலிழந்த பூனைகள் பலவற்றால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. அடிவயிற்றை மெதுவாக அழுத்தி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வெளியேற்ற வேண்டும். இதை மருத்துவரிடம் நேரில் பார்த்துப் பழகுங்கள். தவறாக அழுத்தினால் பை கிழியும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் வரவில்லையென்றால் அது அவசரம், தாமதிக்கக் கூடாது.

பழைய கைலி, துண்டு இவற்றை மடித்து மெத்தென்று விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். ஈரத்தில் கிடந்தால் புண் வரும். நம் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மசாலா சேர்க்காமல் அவித்து முள் எடுத்த மீன், கோழி போதும். மிச்சமான சால்னா வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.

கண் தெரியாத பூனைக்கு, தட்டையும் மண் தொட்டியையும் இடம் மாற்றாமல் வைப்பதே பெரிய உதவி. தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சில குட்டிகள் பிறவியிலேயே தள்ளாடி நடக்கும். தாய் சினையாக இருந்தபோது வந்த வைரஸால் சிறுமூளை வளராமல் போனது காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதற்கு வலியில்லை, வயதோடு கூடுவதும் இல்லை. வழுக்காத பாய், விளிம்பு தாழ்ந்த தட்டு, மாடிப்படியில் ஒரு தடுப்பு இருந்தால் அது நிம்மதியாக வாழும்.

தொழுகையும் சுத்தமும்

பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அது அசுத்தமல்ல என்ற நபிமொழியை அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ்தான். ஆடையிலோ பாயிலோ பட்டால் கழுவியாக வேண்டும். அதற்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை. தொழும் அறைக்கு வெளியே, கழுவிவிடக் கூடிய தரையில் ஒரு மூலை ஒதுக்குங்கள். பராமரிக்கும்போது உடுத்தத் தனியாக ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை உள்ள வீட்டில் நம் தாய்மார்கள் தொழுகையைக் காப்பாற்றிக்கொள்வதும் இப்படித்தான்.

சுமையைப் பகிர்வோம்

பெரும்பாலும் இந்த வேலை முழுவதும் உம்மாவின் தலையில் விழுகிறது. ஆசைப்பட்டு வளர்த்தது பிள்ளைகள். கழுவித் துடைப்பது அவர். அப்படி இருந்தால் சில வாரங்களில் அலுத்துப்போய் மார்க்கெட் பேச்சு திரும்ப வரும். விரிப்பு மாற்றுவது பிள்ளைகளுக்கு, மருத்துவரிடம் கொண்டு போவது வாப்பாவுக்கு என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். செலவுக்கு முடியாதவர்கள் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்கத் தயங்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் தீராத வேதனையில் ஒரு ஜீவன் துடிக்கலாம். முடித்துவிடுவதா என்ற கேள்வி அப்போது வரும். இதில் மார்க்க அறிஞர்களிடம் ஒரே கருத்து இல்லை. மருத்துவர் சொல்வதை ஆலிமிடம் எடுத்துச் சொல்லி முடிவு கேளுங்கள். அலுப்பில் எடுக்கும் முடிவாக மட்டும் அது இருக்க வேண்டாம்.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் இறங்கியது ஒரு முறை. நம் வீட்டு மூலையில் கிடக்கும் பூனைக்காக நாம் தினமும் குனிய வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.

குடும்பத்தோடு பேசிக்கொள்ள:

1. நம் வீட்டுப் பிராணி நாளை அடிபட்டால் யார் என்ன செய்வது?

2. நம் ஊரில் கால்நடை மருத்துவர் எந்த நேரம் இருப்பார்?

3. "விட்டுவிட்டோம்" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பிராணிக்கு அங்கே உண்மையில் என்ன கிடைக்கிறது?