மாட்டின் வயிற்று ஓசையைக் கவனியுங்கள்

பொங்கலன்று மீந்த சோற்றையும் பொங்கலையும் கறவை மாட்டுக்குக் கொட்டிவிடுவது பல வீடுகளில் வழக்கம். மாலையில் மாடு அசை போடாமல் நிற்கும். வயிறு நிறைந்திருக்கிறது என்று வீட்டார் விட்டுவிடுவர். மறுநாள் மாடு எழுந்திருக்காது. முதல் நாளே வயிற்றில் காது வைத்துக் கேட்டிருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும்.

இயல்பான ஓசை

மாட்டின் முதல் இரைப்பை இடப்பக்கம் உள்ளது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் காதை வைத்தால், தொலைவில் இடி உறுமுவது போன்ற ஓசை எழுந்து அடங்கும். நலமுள்ள மாட்டில் 2 நிமிடங்களில் 2 முதல் 3 முறை இது கேட்கும். மூடிய கையை அங்கே அழுத்தி வைத்தால் வயிறு கையைத் தள்ளுவதையும் உணரலாம்.

ஓசை குறைந்தால் அல்லது நின்றால்

சோறு, அரிசி, மாவு ஆகியவற்றை அதிகம் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி அசைவு நின்றுவிடும். கையால் அழுத்தி அசைத்தால் நீர் தளும்பும். தண்ணீர் குறைந்து முற்றிய தட்டையை மட்டும் தின்ற மாட்டின் வயிறு பிசைந்த மாவு போலிருக்கும். அழுத்திய இடம் குழியாக நிற்கும். கன்று ஈன்ற ஓரிரு நாட்களில் ஓசை நின்று, காது குளிர்ந்து மாடு படுத்துவிட்டால் பால் காய்ச்சலாக இருக்கலாம்.

வேறு ஓசைகள்

இடப்பக்கம் மேடிட்டு, தட்டினால் முரசு போல ஒலித்தால் வயிறு உப்புசம். வலப்பக்கம் குடலின் மெல்லிய கடகடப்பு இயல்பானதே. அது ஓயாமல் பலமாகக் கேட்டு, கழிச்சலும் இருந்தால் குடற்புழு, கெட்ட தீவனம், நோய்க் கிருமி ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். வலப்பக்க ஓசையும் நின்று, சாணமும் வராவிட்டால் குடல் அடைப்பு இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

ஓசை நின்றாலும், வயிறு உப்பினாலும் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை தானியம், கஞ்சி, சோறு எதுவும் தரலாகாது. உப்பிய மாட்டை முன்கால்கள் மேட்டில் இருக்குமாறு நிறுத்தலாம். தலையைத் தூக்கி நாக்கை இழுத்து எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இதைத் தவிர்க்க வேண்டும்.

பால் கறக்கும் வேளையில் நலமுள்ள மாட்டின் ஓசையைத் தினமும் கேட்டுப் பழகுங்கள். அப்போதுதான் மாறுதல் உடனே புலப்படும்.